சீமைக்கருவையும் ஆட்டுக்கிடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களுடையது ராமநாதபுரம் மாவட்டத்தில் மூன்று தலைமுறையாகக் கிடை ஆடு, அதாவது இரவில் வயலில் உரத்துக்காகத் தங்கவைக்கும் மந்தை, வைத்திருந்த குடும்பம். தாத்தா கீதாரி, மந்தையை ஊர் ஊராக ஓட்டிப்போய் மேய்க்கிறவர். அப்பா காலத்தில் மந்தை பாதியானது, நான் தலையெடுத்தபோது பட்டியில் இருபது உருப்படிதான் மிச்சம். இப்போது நான் ஆடு மேய்ப்பதில்லை. மேய்க்கிறவர்களோடு அலைந்து, அவர்கள் சொல்வதை எழுதி வைக்கிறேன். சீமைக்கருவை என்று பேச்செடுத்தால் நிலத்தடி நீர், விவசாயம், கரி என்று பேச்சு போய்விடுகிறது. மேய்ச்சல்காரரின் பாடு அதில் வருவதே இல்லை. அதனால் மேய்ச்சல் பக்கம் நின்று இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

நாட்டுக் கருவேலமும் சீமைக்கருவையும் ஒன்றா?

இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பல ஊர்களில் ஜேசிபி இறங்கும்போது நல்ல மரமும் சேர்ந்து போகிறது. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, நெற்று மணி கோத்தது போல இடுக்கி இடுக்கி இருக்கும். சீமைக்கருவையின் பூ வால் போல நீண்ட கதிர். நெற்று நேராக, தட்டையாக, பழுத்தால் வெளிறிய மஞ்சளாக இருக்கும். அடியிலிருந்தே நாலைந்து கிளையாகப் பிரிந்து, வளைந்து தரையைத் தொடும். வேலிகாத்தான், வேலிக்கருவை என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. நம் வன்னி மரம் இதற்கு நெருங்கிய சொந்தம். ஆனால் வன்னித் தழையை வெள்ளாடு தேடிப் போய்த் தின்னும், இதன் தழையை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

இது எப்படி இங்கே வந்தது?

சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி. அன்றைய சென்னை மாகாணத்தின் வனத்துறை விதை வரவழைத்து, 1877-இல் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நட்டது. விறகுப் பஞ்சம் தீர வேண்டும், வறண்ட பூமி பசுமையாக வேண்டும் என்பதுதான் நோக்கம். பிறகு பல பத்தாண்டுகள் விறகுக்கும் வேலிக்கும் ஊர் ஊராகப் பரப்பினார்கள்.

கொண்டுவந்தவர்களைத் திட்டுவதில் எனக்கு நாட்டமில்லை. மழை பொய்த்த வருடங்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது இந்த விறகால்தான். நட்டது தவறு என்பதைவிட, நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இவ்வளவு வேகமாக எப்படிப் பரவியது?

ஆடும் மாடும்தான் பரப்பின. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

நெற்று இனிக்கும். கோடையில் புல் கருகிக் கிடக்கும்போது மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் நெற்றை ஆடுமாடு விரும்பித் தின்னும். உள்ளே விதைக்குக் கெட்டியான ஓடு இருப்பதால் பல விதைகள் செரிக்காமல் அப்படியே வெளியே வரும். வயிற்றுக்குள் போய் வந்ததில் அந்த ஓடு இளகி, முளைக்கத் தயாராகிவிடும். கூடவே எருவும் கிடைக்கிறது. ஆட்டைவிட மாட்டின் வயிற்றில் விதை முழுசாகத் தப்புவது அதிகம்.

ஒரு ஐப்பசியில் முதல் மழை பெய்து எட்டு நாள் கழித்து, கண்மாய் உள்வாயில் நனைந்து கிடந்த ஒரு சாணியைப் பிட்டுப் பார்த்தேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பதினேழு முளை. ஒவ்வொன்றிலும் இரண்டு சின்ன இலை, அடியில் அதற்குள் விரல் நீளத்துக்கு வெள்ளை வேர். பக்கத்தில் நின்ற பெரியவர், "நம்ம மாடு போட்ட விதைதான் தம்பி, நம்ம மாட்டையே வெளியே தள்ளுது" என்றார்.

ஆடு எதையும் தின்னுமே, இதன் இலையைத் தின்னாதா?

தின்னாது. இலையில் கசப்பும் துவர்ப்பும் தரும் சத்துகள் அதிகம். ஆடு தொடாததால் ஆடாதொடைக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள், இதற்கும் அந்தப் பெயர் பொருந்தும். வேறு வழியே இல்லாத பஞ்சத்தில் இளந்தளிரைக் கடிக்கும், அவ்வளவுதான். சுற்றியுள்ள உடைமரம், வன்னி, இலந்தை எல்லாம் ஆடுமாட்டின் கடிபட்டுக் குறுகிப்போக, இது மட்டும் கடிபடாமல் வளர்கிறது. மேய்ச்சல் நிலத்தில் இது ஜெயிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மேய்ச்சல் தொழிலை எந்த வகையில் கெடுக்கிறது?

முதலில் ஒரு வருடத்தில் மந்தை எப்படி நகரும் என்று தெரிய வேண்டும். தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் தாள் வயல்கள் திறந்துகொள்ளும். எங்கள் பக்கத்துக் கீதாரிகள் தஞ்சாவூர், திருவாரூர் வரைக்கும் ஆட்டை ஓட்டிப்போய் வயலில் கிடை போடுவார்கள். இரவெல்லாம் ஆடு படுத்த வயலுக்குப் புழுக்கையும் மூத்திரமும் உரம், கீதாரிக்கு அதற்குக் கூலி. அங்கே நடவு தொடங்கியதும் ஊர் திரும்ப வேண்டும். புரட்டாசியில் எங்கள் பக்கம் விதைப்பு. அதிலிருந்து அறுப்பு வரை எந்த வயலிலும் ஆடு கால் வைக்க முடியாது. அந்த நாலைந்து மாதம் மந்தை பிழைக்க வேண்டிய இடம் கண்மாய்க் கரை, தரிசு, மேய்ச்சலுக்கென்று ஒதுக்கிய மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி. சீமைக்கருவை பிடித்துக்கொண்டது சரியாக அந்த இடங்களைத்தான்.

புல் போனது முதல் அடி. அடர்ந்த கருவைக்குக் கீழே நிழலும் அதன் இலைச் சருகும் சேர்ந்து அருகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் வராமல் செய்துவிடும். செம்மறி புல் மேயும் பிராணி, தலை குனிந்துதான் மேயும். எட்டித் தழை கடிக்கும் வெள்ளாடாவது வேறு எதையாவது வைத்துச் சமாளிக்கும். அதனால் பலர் செம்மறியைக் குறைத்து வெள்ளாட்டுக்கு மாறினார்கள். வெள்ளாட்டை நானூறு ஐந்நூறாகச் சேர்த்து ஒரே கிடையாக ஓட்ட முடியாது. அது நாலு பக்கமும் சிதறும். ஆக, ஆடு மாறியதும் கிடை முறையே கலையத் தொடங்கியது. கீழக்கரிசல், வேம்பூர் போன்ற நம் செம்மறி இனங்கள் குறைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் இதுவும் ஒன்று.

அடுத்தது பாதை. ஒரு காலத்தில் வண்டிப்பாதை அகலத்துக்கு இருந்த மந்தைப் பாதைகள் இன்று ஆள் நுழைய முடியாத புதர். மந்தை தார் ரோட்டில் போக வேண்டியிருக்கிறது. பேருந்து வருகிறது, லாரி வருகிறது, குட்டிகள் மிரள்கின்றன. கண்மாயில் தண்ணீர் கிடக்கும், ஆனால் அதுவரை போக இடைவெளி இருக்காது. புதருக்குள் ஒரு ஆடு தங்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பொழுது சாய்ந்து எண்ணிப் பார்க்கும்போதுதான் ஒன்று குறையும். காலையில் தேடிப் போனால் நாய் குதறியிருக்கும்.

அப்புறம் முள். நான் பார்த்த எந்தக் கீதாரியும் அரைஞாண் கயிற்றில் முள்வாங்கி தொங்காமல் காட்டுக்குப் போனதில்லை. ஒருநாள் சாயல்குடிப் பக்கம் ஒரு அம்மா தாய் ஆட்டின் முன்னங்காலை மடியில் போட்டுக்கொண்டு முள் எடுத்தார். குளம்பு இடுக்கில் கறுப்பாக ஒரு புள்ளிதான் தெரிந்தது. வாங்கியால் பிடித்து இழுத்தால் முக்கால் விரல் நீளம் வந்தது, பின்னாலேயே சீழ். வேப்பெண்ணெயைச் சூடாக்கி விட்டார். "இது நாலு நாளைக்கு நொண்டும். நொண்டுற ஆட்டுக்காக முந்நூறு ஆட்டை நிறுத்த முடியாது, நான்தான் தோளில் தூக்கணும்" என்றார். மடி கிழிவதும் கண்ணில் முள் பாய்வதும் தனிக்கதை.

நெற்று நல்ல தீவனம் என்கிறார்களே?

அளவோடு கொடுத்தால் நல்லதுதான். சர்க்கரையும் உண்டு, புரதமும் உண்டு. பங்குனி, சித்திரையில் பல மந்தைகளைக் காப்பாற்றுவது இந்த நெற்றுதான் என்பதை எந்த மேய்ச்சல்காரரும் மறுக்க மாட்டார். அதனால்தான் அடியோடு ஒழிக்க வேண்டும் என்று கூட்டத்தில் முழங்குகிறவர்களைக் கண்டால் அவர்கள் முகம் சுருங்குகிறது.

அதே நெற்றே முழுத் தீவனமானால் ஆபத்து. கென்யாவில் பாரிங்கோ ஏரியைச் சுற்றி வாழும் இல் சாமுஸ் மக்களின் ஆடுகளுக்கு, இனிப்பு நெற்று பல்லிடுக்கில் தங்கித் தங்கிப் பல் சொத்தையாகி விழுந்தது. பல் போன ஆடு மேய முடியாமல் பட்டினியால் செத்தது. 1980-களில் வறட்சியைத் தடுக்க அங்கே நடப்பட்ட மரம் அது. 2006-இல் அவர்கள் அரசின் மீது வழக்குப் போட்டு, பல் இல்லாத ஆடு ஒன்றை நைரோபி நீதிமன்றத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார்கள். பிரேசிலின் வடகிழக்கில் நெற்றை மட்டுமே மாதக்கணக்கில் தின்ற மாடுகளுக்குத் தாடை நரம்பு பாதித்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, மெல்ல முடியாமல் எலும்பும் தோலுமாயின. நெற்றில் உள்ள ஒருவகை நச்சுச் சத்துதான் காரணம்.

கொடுக்கிறவர்கள் இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். நெற்றை நன்றாகக் காயவைத்து, விதையும் உடையும்படி அரைத்துக் கொடுங்கள். விதையில் இருக்கும் புரதமும் கிடைக்கும், சாணி வழியே பரவுவதும் நிற்கும். மொத்தத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். மந்தையில் சினை ஆடோ நோயாளி ஆடோ இருந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் உண்மையா?

பிராணவாயுவே விடாது, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், பக்கத்தில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் வருகிறது. இலை உள்ள எந்த மரமும் போலத்தான் இதுவும் மூச்சு விடுகிறது. பறவை அண்டாது என்பதும் தவறு. கண்மாய்க் கருவையில் கொக்கு கூடு கட்டியிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆழமாக வேர் விட்டுத் தண்ணீர் எடுக்கும் என்பதும், கோடையிலும் பச்சையாக நின்று அதைச் செலவழிக்கும் என்பதும் உண்மை. உண்மையே போதுமான அளவு மோசமாக இருக்கும்போது பொய் எதற்கு? பொய்யைச் சொல்லி வெட்டக் கிளம்பினால், பொய் வெளுத்ததும் உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

மேய்ச்சலைக் கெடுப்பது இந்த ஒரு மரம்தானா?

இல்லை. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் செம்மறை மாடு மேய்க்கிறவர்களைக் கேட்டால் உண்ணிச்செடியைச் சொல்வார்கள். பூச்செடியாக இந்தியாவுக்குள் வந்து, இன்று காட்டின் அடித்தளம் முழுக்கப் படர்ந்து புல்லை மூடிவிட்டது. பசியில் அதைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும், வெயில் பட்ட தோல் வெந்து உரியும்.

நீலகிரியில் தோடர்களின் எருமைக்கு எதிரி வாட்டில் என்னும் சீகை மரம். வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது, பிறகு தோல் பதனிடும் பட்டைக்காக மலை மலையாக நடப்பட்டது. நட்ட இடத்தில் நிற்காமல் புல்வெளிக்குள் நடந்து வந்துகொண்டே இருக்கிறது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனது. அங்கேயும் இப்படி நட்டு வளர்த்த மரங்கள்தான் முக்கியக் காரணம். தோடர் சடங்குகளில் பால் கறப்பதே பூசை. எருமை குறைந்தால் குறைவது பால் மட்டுமில்லை.

ஊருக்குள் பார்த்தீனியம். அதைத் தின்ற மாட்டின் பால் கசக்கும்.

குஜராத்தின் பன்னி புல்வெளியைப் பற்றி அடிக்கடி பேசுகிறார்களே, அங்கே என்ன நடந்தது?

கச்சு மாவட்டத்தில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரந்த புல்வெளி பன்னி. மால்தாரிகள் என்னும் மேய்ச்சல் மக்களின் நிலம். பக்கத்திலுள்ள ரண் என்னும் உப்புப் பாலை முன்னேறி வருவதைத் தடுக்க வனத்துறை 1961-இல் அங்கே சுமார் 31,500 ஹெக்டேரில் சீமைக்கருவையை நட்டது. பிறகு அது தானே பரவி புல்வெளியின் பெரும்பகுதியைப் பிடித்தது. அங்கத்து மக்கள் வைத்த பெயர் காண்டோ பாவல், பைத்தியக் கருவேலம் என்று பொருள்.

நெற்று தின்று காங்கரேஜ் மாடுகள் நோவுபட்டன, எருமை ஓரளவு தாக்குப்பிடித்தது. மால்தாரிகள் மெல்ல எருமைக்கு மாறினார்கள். பன்னி எருமை இரவில் தானாக மேய்ந்து, விடியற்காலை கறவைக்குத் திரும்பி வரும். செம்மறியிலிருந்து வெள்ளாட்டுக்கு மாறிய எங்கள் கதையும் அதுவும் ஒன்றுதான், மரம் வந்து மந்தையை மாற்றிவிட்டது.

அங்கே எனக்குப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். மால்தாரிகள் சங்கமாகச் சேர்ந்து, இந்தப் புல்வெளி எங்கள் பொதுச்சொத்து, இதைத் துண்டு போடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். 2021-இல் தீர்ப்பாயம் ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னது. கருவையை எடுத்த இடங்களில் நல்ல மழைக்குப் புல் திரும்பி வருவதையும் அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள் என்ன செய்வார்கள்?

நியாயமான கேள்வி. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மரவெட்டும் கரிமூட்டமும்தான் கஞ்சி ஊற்றுகின்றன. ஆட்டை விற்ற மேய்ச்சல்காரர்களே பலர் இன்று மூட்டத்தில் வேலை செய்கிறார்கள். ஒரே இரவில் மரமே இல்லாமல் ஆக்குவது யாராலும் முடியாது, முடிந்தாலும் அது அநியாயம். பட்டா நிலத்துக் கருவை கரிக்குப் போகட்டும். கண்மாய், மேய்க்கால், மந்தைப் பாதை இந்த மூன்றையும் முதலில் மீட்போம் என்பதுதான் என் கருத்து. கரிக்காரரும் மேய்ச்சல்காரரும் எதிரிகள் இல்லை, பல வீடுகளில் அண்ணன் தம்பிகள்.

நீதிமன்றமும் அரசும் என்ன செய்தன?

வைகோ தொடுத்த வழக்கில், தென்மாவட்டங்களில் சீமைக்கருவையை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை முடுக்கியது. 2017 தொடக்கத்தில் ஊரெல்லாம் இயந்திரம் இறங்கியது. அகற்றுவதால் சூழலுக்கு என்ன ஆகும் என்று ஆராய வேண்டும் என்ற எதிர்வழக்கில், அதே ஆண்டு அந்தப் பணிக்குத் தடை வந்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது.

அதே 2022 மார்ச்சில்தான் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்து, பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. ஒரு பக்கம் புறம்போக்கில் முள், மறுபக்கம் காட்டில் தடை என்றால் மந்தை எங்கே போகும்? 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும், பருவத்துக்கு ஏற்ப இடம்பெயரும் மேய்ப்பர்களின் உரிமையையும் பெயர் சொல்லியே ஏற்கிறது. அது வன நிலத்துக்கு. வருவாய்த்துறைப் புறம்போக்குக்கு அந்த அளவு பிடிமானம் இல்லை.

வெட்டினால் மறுபடி முளைக்கிறதே, எப்படி அகற்றுவது?

தரையோடு வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். துளிர்க்கும் கண்கள் தரைக்குக் கீழே வேரின் மேல்பகுதியில் இருக்கின்றன. ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி, அந்தக் கட்டையை வேரோடு அறுத்து எடுத்தால்தான் சாகும். சின்னக் கன்றை மழை ஈரத்தில் கையாலேயே பிடுங்கலாம். மண்ணில் கிடக்கும் விதை பல வருடம் உயிரோடு இருக்கும் என்பதால், குறைந்தது மூன்று மழைக்காலம் திரும்பத் திரும்பப் போய்க் கன்று பிடுங்க வேண்டும். பணம் ஒதுக்குகிறவர்கள் முதல் வருடத்தோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள், முக்கால்வாசி முயற்சி வீணாவது அதனால்தான்.

அகற்றிய இடத்தில் மரக்கன்று நட்டால் போதுமா?

போதாது. மேய்ச்சல் நிலத்துக்கு வேண்டியது புல். காங்கேயம் பக்கத்தில் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைப் போய்ப் பாருங்கள். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே நெற்றுக்கும் நிழலுக்கும் வெள்வேல மரம். காங்கேயம் மாடு அதில்தான் வளர்ந்தது. நூறு மரக்கன்றை நெருக்கமாக நட்டு, கம்பி வேலி போட்டு, ஆடு வரக்கூடாது என்று பலகை மாட்டினால், மேய்ச்சல்காரருக்குக் கருவை இருந்தபோதும் இடமில்லை, போன பிறகும் இடமில்லை. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் இதுதான் நடந்தது. முள் எடுக்கக் கூலியில்லாமல் வந்து உழைத்த இரண்டு கீதாரிகளிடம், அடுத்த ஆண்டு அதே இடத்தில் ஆடு விட்டதற்கு அபராதம் கேட்டார்கள். புல் வேரூன்ற ஒரு மழைக்காலம் ஆடு விடாமல் இருப்பது சரி. எத்தனை மாதம், எந்தப் பகுதி என்பதை மேய்க்கிறவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் ஊர்க் கண்மாய்க் கருவையை ஏலம் விடப்போகிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

ஏலம் எடுப்பவர் மரத்தை மட்டும் வெட்டிக் கட்டையை விட்டுப்போவது வழக்கம். நாலு வருடத்தில் இன்னும் அடர்த்தியாக வளர்ந்து மறு ஏலத்துக்குத் தயாராகிவிடும். ஆகவே வேரோடு எடுக்க வேண்டும் என்பது ஏல நிபந்தனையில் எழுத்தாக இருக்கிறதா என்று கேளுங்கள். நாட்டுக் கருவேலம், உடை, வன்னி ஆகியவற்றை வெட்டும் முன்பே சுண்ணாம்பால் குறி போட்டு விடச் சொல்லுங்கள். கிராம வரைபடத்தில் மேய்க்கால், மந்தைவெளி, வண்டிப்பாதை எங்கே இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணோடு எழுதி வாங்குங்கள்.

கிராமசபையில் இதைப் பேசும் நாளில் மேய்க்கிறவர்கள் பெரும்பாலும் ஊரில் இருக்க மாட்டார்கள், எங்காவது கிடையில் இருப்பார்கள். ஒரு போன் போட்டு, ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் ஏற்பாடு செய்து, அவர்களைக் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். எந்தத் தடத்தில் ஆடு தண்ணிக்கு இறங்கும், எந்த மேட்டில் முதலில் புல் துளிர்க்கும் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட அவர்களுக்குத்தான் தெரியும்.